ஊர் மாற நினைப்பவருக்கு எட்டு வாரத் தியானம்: சேர்ந்து முடித்தவரின் மதிப்பீடு

வேறோர் ஊரில் குடியேறி வாழ வேண்டும் என்ற எண்ணம் என் மனத்தில் மூன்று ஆண்டுகளாக இருந்துவந்தது. அது வெறும் ஆசையா, தேவனுடைய அழைப்பா, இருக்கும் இடத்தின்மேல் வந்த சலிப்பா என்று எனக்கே பிரித்தறியத் தெரியாத நிலையில், இடம் மாற நினைக்கும் கிறிஸ்தவர்களுக்கென்றே நடத்தப்படும் எட்டு வார இணையவழித் தியானம் ஒன்றில் கட்டணம் செலுத்திச் சேர்ந்தேன். அதை முடித்து நான்கு மாதங்கள் ஆகின்றன. நான் சொல்லவிருப்பவற்றில் குறைகளும் இருப்பதால் நடத்துபவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே முறையில் நடக்கும் வேறு எந்தத் தியானத்தில் சேர நினைப்பவரும் முன்கூட்டியே எவற்றைக் கேட்டறிய வேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

கட்டணத்துக்கு மூன்று கிடைக்கின்றன: நாளுக்கு ஒரு பக்கமாகப் படிக்க 56 பக்கக் கையேடு, காலையும் இரவும் மணியடித்து நினைவூட்டும் கைப்பேசிச் செயலி, வாரம் ஒருமுறை 45 நிமிடம் காணொளியில் பேசும் ஆன்ம வழிகாட்டி. இவை தவிர இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை குழுச் சந்திப்பும் உண்டு. கையேட்டை எழுதியவர்களும் வழிகாட்டிகளும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதே இல்லையோ என்ற ஐயம் எனக்கு இரண்டாம் வாரத்திலேயே எழுந்தது. ஏனெனில் கையேடு, போவதென்று ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டவரை வழியனுப்பி வைக்கும் குரலில் எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு வாய்த்த வழிகாட்டியோ, நான் போவதிலும் இருப்பதிலும் தமக்கு எந்த விருப்பமும் இல்லை என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்.

முதலில் கையேட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் முதல் பக்கத்திலேயே ஆபிரகாம் நிற்கிறார். "நீ உன் தேசத்தையும், உன் இனத்தையும், உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டுப் புறப்பட்டு, நான் உனக்குக் காண்பிக்கும் தேசத்துக்குப் போ" என்ற ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்தின் வசனம் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டு, அதன்கீழ் "உங்கள் தேசம் எது?" என்று கேட்டுக் கோடு போட்டு இடம் விடப்பட்டிருக்கிறது. கேள்வியே தவறு என்பது என் கருத்து. ஆபிரகாமுக்குத் தம் தேசம் எதுவென்று தெரியாது. "தான் போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டுப்போனான்" என்றுதான் எபிரெயர் நிருபம் அவருடைய விசுவாசத்தைச் சொல்கிறது. ஊரின் பெயரையும் அங்குள்ள வீட்டின் சாளரத்தையும்கூட மனத்தில் வரைந்து வைத்துக்கொண்டு வரும் என்னைப் போன்றவர்கள் ஆபிரகாமைவிட, கண்களை ஏறெடுத்துப் பார்த்து நீர்வளம் பொருந்திய யோர்தான் சமபூமியைத் தெரிந்துகொண்ட லோத்துக்கே நெருங்கிய உறவினர்கள். அந்த லோத்து கையேட்டில் எங்குமே இல்லை. ஆபிரகாம் கானானுக்கு வந்து சேர்ந்த கையோடு அந்தத் தேசத்தில் பஞ்சம் உண்டாயிற்று என்பதும், அவர் எகிப்துக்குப் போக நேர்ந்தது என்பதும், அங்கே தம் மனைவியைச் சகோதரி என்று சொல்லும் அளவுக்குப் பயந்துபோனார் என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கின்றன. ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டால் எந்தப் பயணமும் அழகாகத்தான் இருக்கும்.

எரேமியா 29ஆம் அதிகாரத்தைக் கையாண்டிருக்கும் விதம் இதைவிடவும் வருத்தம் தந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற பதினோராம் வசனம் ஆறு இடங்களில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் என்பதும், விரும்பாத ஊரில் வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்று அதே கடிதம் கட்டளையிடுகிறது என்பதும், திரும்பிவருவதற்கு 70 வருஷம் ஆகும் என்று முந்தைய வசனமே கணக்குச் சொல்கிறது என்பதும் ஓரிடத்திலும் இல்லை. புதிய ஊரைக் கனவு காண்பவருக்கு அந்த அதிகாரம் கொடுக்கக்கூடிய மிக நல்ல பயிற்சி, இப்போது இருக்கும் ஊரின் சமாதானத்துக்காக ஒரு வாரம் ஜெபிப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பயிற்சியை எனக்குக் கொடுத்தவர் வழிகாட்டி, கையேடு அல்ல.

வழிகாட்டியாக எனக்கு அமைந்தவர் வயதில் மூத்த அருட்சகோதரி ஒருவர். நான் சீர்திருத்தச் சபை மரபில் வளர்ந்தவள், அவர் கத்தோலிக்கர். முதல் சந்திப்பில் அவரை எப்படி அழைப்பது என்று தயங்கி, பிறகு "சிஸ்டர்" என்றே அழைக்கத் தொடங்கினேன். மரபு வேறுபாட்டால் இடர் வருமோ என்று அஞ்சியவர்களுக்காகச் சொல்கிறேன்: எனக்கு வரவில்லை. தேவனுடைய சித்தம் எதுவென்று பிரித்தறிந்து முடிவெடுப்பதற்கு அவர் பயன்படுத்தும் "தெளிந்து தேர்தல்" என்ற சொல் எனக்குப் புதிதாக இருந்ததே தவிர, அதன் பொருள் எந்தச் சபையாருக்கும் அந்நியமானதன்று.

இந்தத் தியானத்தின் அடித்தளம், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் எழுதித் தொகுத்த ஆன்மீகப் பயிற்சிகள். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற அந்தப் பயிற்சிகளை முழுமையாகச் செய்ய ஏறக்குறைய முப்பது நாள் தனித்திருக்க வேண்டும். அலுவல்களை விட்டுவர முடியாதவர்கள் அன்றாட வாழ்வுக்கு நடுவிலேயே அவற்றைச் செய்யலாம் என்று இஞ்ஞாசியாரே முன்குறிப்புகளில் இடமளித்திருக்கிறார். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு உருவானவைதான் இதுபோன்ற வாராந்திரத் தியானங்கள். ஆனால் சிஸ்டர் எனக்குப் பயிற்சியிலிருந்து தொடங்கவில்லை. இஞ்ஞாசியார் கண்ட பகற்கனவிலிருந்து தொடங்கினார். 1521இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு காலைச் சிதைத்துப் படுக்கையில் கிடந்தபோது அவருக்கு இரண்டு கனவுகள் மாறி மாறி வந்தன: உயர்குலப் பெண்ணொருத்திக்காக வீரச் செயல்கள் புரிவது ஒன்று, வெறுங்காலோடு எருசலேமுக்கு நடந்து போவது மற்றொன்று. இரண்டுமே நினைக்கும்போது இனித்தன. முதலாவது கலைந்தபின் மனம் வறண்டது, இரண்டாவது கலைந்தபின்னும் மகிழ்ச்சி எஞ்சி நின்றது. கனவு நிகழும்போது வரும் இன்பத்தை வைத்து அல்ல, அது முடிந்த பிறகு எஞ்சுவதை வைத்தே அதை எடைபோட வேண்டும் என்று அவர் கண்டுகொண்டது அங்கேதான்.

நான் மகிழ்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் மிச்சக் கதையையும் சொன்னார். 1523இல் இஞ்ஞாசியார் எருசலேமுக்குப் போய்ச் சேர்ந்தார்; வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்க விரும்பினார்; அங்கே புனித இடங்களின் பொறுப்பிலிருந்த பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் தங்க அனுமதி மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். பின்னர் தோழர்களோடு சேர்ந்து 1534இல் மீண்டும் எருசலேமுக்குப் போக நேர்ந்துகொண்டார். வெனிஸ் நகரில் கப்பலுக்காகக் காத்திருந்தும் போர் காரணமாகப் போக முடியவில்லை. எனவே, போக முடியாவிட்டால் செய்வதாக முன்பே நேர்ந்துகொண்டபடி உரோமைக்குப் போய்த் திருத்தந்தையிடம் தங்களை ஒப்படைத்தார்கள். மகிழ்ச்சி எஞ்சி நின்ற அந்த நல்ல கனவும், அவர் நினைத்த ஊரில் நிறைவேறவில்லை. இதைக் கேட்ட அன்று எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. விற்கிற பொருளைப் பற்றி விற்பவரே இப்படிச் சொன்னால் வாங்கியவர் என்ன செய்வது? ஆனால் இந்தச் சேவையை நான் நம்பத் தொடங்கியதும் அந்த நாளிலிருந்துதான்.

மூன்றாம் வாரப் பயிற்சியே எட்டு வாரங்களிலும் எனக்கு அதிகம் பயன்பட்டது. நான் குடியேற விரும்பும் ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமையை, விழித்தெழுவதிலிருந்து உறங்கப் போவதுவரை, எழுதிவரச் சொன்னார். போய் இறங்கிய நாளோ ஞாயிறோ பண்டிகையோ அல்ல. எதுவும் நடக்காத செவ்வாய். விடியற்காலை வெளிச்சம், சாளரம், யாரும் என்னை அறியாத தெருவில் நடப்பது என்று ஒன்றரைப் பக்கம் தடையின்றி ஓடியது. காலை பத்து மணிக்கு மேல் பேனா நகரவில்லை. எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டியபோது, அந்த வீட்டில் வேறு யாருடைய குரலாவது கேட்கிறதா என்று மட்டும் கேட்டார். கேட்கவில்லை. என் கணவர் அதில் இல்லை. தேவனுடைய சித்தமா என்று மூன்று ஆண்டுகளாக ஜெபித்த அந்த ஊரில் நான் எந்த ஆலயத்தில் போய் உட்காரப் போகிறேன் என்பதையும் எழுதியிருக்கவில்லை.

அதற்கடுத்த சந்திப்பில் அவர் 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்னும் துறவி எழுதிய ஒரு பகுதியைப் படித்தார். சலிப்பு என்னும் பேய் நண்பகலைச் சுற்றித் துறவியைத் தாக்கும் விதம் அதில் விவரிக்கப்படுகிறது: சூரியன் நகராததுபோல் தோன்றும், ஒரு நாள் ஐம்பது மணி நேரமாக நீளும், தான் இருக்கும் இடத்தின்மேலும் செய்யும் வேலையின்மேலும் வெறுப்பு மூளும், சகோதரர்களிடையே அன்பு இல்லாமற்போயிற்று என்ற நினைப்பு வரும், அண்மையில் எவரேனும் அவரைப் புண்படுத்தியிருந்தால் பேய் அதையும் எடுத்துக்கொள்ளும், பிறகு தேவைகள் எளிதில் கிடைக்கும் வேறு இடங்களை அவருக்கு நினைவூட்டி, தேவனை எங்கிருந்தும் தொழலாம் அல்லவா என்று வேதவாக்குப்போலவே பேசி அழைக்கும். கடைசி வரியைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. நான் ஜெபத்தில் பலமுறை சொல்லியிருந்த வாதம் அதுவே. எங்கள் சபையில் அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஏற்பட்ட மனக்கசப்பை, ஊர் மாறும் ஆசையோடு தொடர்பில்லாத செய்திபோல் முதல் வாரத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்திருந்தேன். அவர் அதை மறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மனம் வறண்டிருக்கும் காலத்தில் எந்த மாற்றமும் செய்யாதே, தெளிவாக இருந்த காலத்தில் எடுத்த முடிவிலேயே நில் என்பது இஞ்ஞாசியார் தரும் விதிகளில் ஐந்தாவது. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆறாவது விதி, முடிவை மாற்றாமல் அந்த வறட்சிக்கு எதிராக நம்மையே மாற்றிக்கொள்ளச் சொல்கிறது: ஜெபத்தைக் கூட்டுவது, மனத்தை ஆராய்வது, கொஞ்சம் தன்னொறுத்தல். மாற்றத்தை ஏற்றுக்கொள்வது என்றாலே முகவரியை மாற்றுவது என்று எண்ணியிருந்த எனக்கு, இந்த இரண்டு விதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த வாரம் கடினமாக இருந்தது. "இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன்" என்ற ஏசாயாவின் வசனத்தைக் கையேடு பெட்டி கட்டும் படத்தோடு அச்சிட்டிருக்கிறது. சிஸ்டரோ அதே வசனத்தைக் கொடுத்து, மனக்கசப்புக்குக் காரணமான அந்த ஒருவரோடு நான் பேசிவிட்டு வரும்வரை ஊர் மாறுவதைப் பற்றிய பேச்சை எடுக்க வேண்டாம் என்றார். பேசினேன். அது நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதன்பின் ஊர் மாறும் ஆசை பாதியாகக் குறைந்தது. குறைந்த பாதி எதனால் ஆனது என்பது தெரிந்துவிட்டது.

மீதிப் பாதிதான் உண்மையான கேள்வி. அதற்கு ஐந்தாம், ஆறாம் வாரங்களில் இஞ்ஞாசியாரின் தேர்வு முறைகள் வருகின்றன. போவதன் நன்மை, போவதன் தீமை, போகாமல் இருப்பதன் நன்மை, போகாமல் இருப்பதன் தீமை என்று நான்காகப் பிரித்து எழுத வேண்டும். முதலாவதும் நான்காவதும் ஒன்றுதானே என்று நானும் நினைத்தேன். எழுதிப் பார்த்தால் ஒன்றாக இல்லை. தராசின் முள்போல எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நின்று எழுத வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி நிற்க முடியவில்லையென்றால் எழுதாமல் முதலில் அதற்காக ஜெபிக்கச் சொன்னார். இதைவிட, முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் வந்து ஆலோசனை கேட்டால் அவருக்கு என்ன சொல்வேன் என்று எண்ணிப் பார்க்கும் பயிற்சி என்னிடம் வேகமாக வேலை செய்தது. அந்த அறியாதவருக்கு நான் தயங்காமல் சொன்ன பதில், "இன்னும் ஒரு வருடம் பொறுங்கள்" என்பது. மரணப்படுக்கையிலிருந்து திரும்பிப் பார்க்கும் பயிற்சியில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அச்சம் மட்டும் வந்தது.

குடும்பத்தோடு இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தத் தியானம் தனியாளுக்காக அமைக்கப்பட்டிருக்கிறது. கணவன், மனைவி, வயதான பெற்றோர், பிள்ளைகள் யாரும் எந்தச் சந்திப்பிலும் கலந்துகொள்ள வழியில்லை. கையேடு அவர்களை ஆதரவு தருகிறவர்கள், தடையாக இருக்கிறவர்கள் என்ற இரண்டே பெட்டிகளில் அடைக்கிறது. அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் தரிசனத்தில் அழைத்தது பவுலை மட்டும். ஆனால் அடுத்த வசனம் "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்று பன்மைக்கு மாறுகிறது. கண்டவர் ஒருவர், முடிவெடுத்தவர்கள் பலர். சிஸ்டர் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டிய இரவில் நான் எழுதிய செவ்வாய்க்கிழமையை என் கணவரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, மதியத்துக்கு மேல் தாம் அங்கே வந்து சேரலாமா என்று கேட்டார். இந்த உரையாடல் தியானத்தின் திட்டத்தில் இல்லை. திட்டத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

செயலியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜெபித்த நாள்களைத் தொடர்ச்சியாக எண்ணி, ஒருநாள் விட்டால் எண்ணிக்கையைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து வைக்கிறது. இரண்டாம் வாரம் அறிவிப்புகளை அணைத்துவிட்டேன். இழப்பு ஒன்றும் இல்லை.

குழுச் சந்திப்புகளில் சாட்சி சொல்ல அழைக்கப்படுகிறவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்து நன்றாக இருப்பவர்கள். நான்கு சந்திப்புகளில் எட்டுப் பேரைக் கேட்டேன். போக வேண்டாம் என்று தெளிந்தவர் ஒருவரையும் கேட்கவில்லை, போய்விட்டு வருந்தியவரையும் கேட்கவில்லை. மாற்கு 5ஆம் அதிகாரத்தில் குணமடைந்த மனிதன் இயேசுவோடு படவில் வர வேண்டிக்கொள்கிறான். அவரோ அனுமதிக்காமல், உன் வீட்டிற்குப் போ என்கிறார். ஊரை விட்டு விலகிக் கல்லறைகளில் கிடந்தவனுக்கு, பழைய வீடே போய்ச் சேர வேண்டிய புதிய இடமாக இருந்தது. அவனுடைய சாட்சிக்கும் இந்தக் குழுவில் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்.

இன்னொரு குறை இதைவிடக் கனமானது. யார் இந்தத் தியானத்தில் சேரக் கூடாது என்று எங்கேயும் எழுதப்படவில்லை. வீட்டுக்குள் அடி உதைக்கு ஆளாகிறவருக்கோ, உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவருக்கோ, வறண்ட காலத்தில் முடிவை மாற்றாதே என்ற விதியைக் கொடுப்பது பெருந்தீங்காக முடியும். "ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள்" என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். யோசேப்பு பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குப் புறப்பட்டார், நான்கு பட்டியல் எழுதிக்கொண்டிருக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்தெடுக்கும் சுதந்தரம் இருக்கிறது என்ற நிலையில் உள்ளவர்களுக்கான தியானம் இது என்பதை முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

ஆகவே, போவதென்று உறுதியாக முடிவெடுத்துவிட்டு அதற்கு ஓர் "ஆமென்" தேடுகிறவர்களுக்குக் கையேடு ஒன்றே போதும். அவர்கள் விரும்பியது கிடைக்கும், ஆனால் அதற்கு இவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை. போன பிறகு புதிய ஊரில் சபையும் நட்பும் தேடுவதற்கு உதவி எதிர்பார்க்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. தங்கள் ஆசையைத் தாங்களே முழுமையாக நம்பாதவர்களுக்கு மட்டும், அதிலும் நல்ல வழிகாட்டி அமைந்தால் மட்டும், இதைப் பரிந்துரைப்பேன். சேருவதற்கு முன் வழிகாட்டியோடு ஒருமுறை பேசிப் பார்க்க அனுமதிக்கிறார்களா என்று கேளுங்கள். அப்போது அவரிடம், போக வேண்டாம் என்று தெளிந்தவர்கள் அவரிடம் வந்தவர்களில் உண்டா என்றும் கேளுங்கள். சிஸ்டரிடம் நான் அதைக் கடைசி வாரத்தில் கேட்டேன். எண்ணிக்கை வைத்துக்கொள்வதில்லை என்றார்.

எட்டாம் வாரம் முடிந்ததும் செயலியில் கருத்துப் படிவம் ஒன்று வந்தது. நட்சத்திரங்கள், பரிந்துரைப்பீர்களா என்ற கேள்வி, அதன்பின் "உங்கள் புதிய முகவரி" என்ற கட்டம். அதை வெறுமையாக விட்டால் படிவம் அனுப்பப்பட மறுத்தது. இரண்டு முறை முயன்றுவிட்டு, பதினொரு வருடங்களாக நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முகவரியை அதில் எழுதி அனுப்பினேன்.